கதவுக்குப் பின்னால் இருபத்தோரு நாள்

நகராட்சி அலுவலகத்தில் அவளைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் கோந்தக்கா என்பார்கள். அறிவிப்பு ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அதே தற்காலிகம். ஆனால் அவள் கோந்தைக் கையால் தொடுவதே இல்லை. ஆபீஸில் கொடுக்கிற கோந்து பாட்டில் இரண்டே நாளில் வாய் அடைத்துக்கொள்ளும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் அவளே பசை கொண்டுவருவாள். காகிதத்தைக் குப்புறப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசையை இழுத்து, மேல்முனை இரண்டையும் பிடித்துத் தூக்கி, பலகையில் வைத்து உள்ளங்கையால் ஒரே நீவல். ஒரு கொப்புளம் இருக்காது, ஒரு சுருக்கம் இருக்காது. கோணல் என்ற பேச்சே கிடையாது. இவ்வளவு சுத்தமாக ஒட்டியதை எவன் படித்தான் என்று கேளுங்கள். ஒருவனும் படிக்கவில்லை. படிக்க வழியில்லை.

ஏன் வழியில்லை என்றால் அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வாசலுக்கு இரட்டைக் கதவு. காலை பத்து மணிக்குக் காவலாளி இரண்டையும் உள்பக்கமாகத் தள்ளி, சுவரோடு சுவராகச் சாய்த்து, கொக்கி மாட்டுவார். இடதுபக்கக் கதவு போய்ச் சாய்கிற அந்தச் சுவரில்தான் அறிவிப்புப் பலகை. ஆக, ஆபீஸ் திறந்திருக்கிற நேரமெல்லாம் பலகை கதவுக்குப் பின்னால். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால் பலகை பளிச்சென்று தெரியும். யாருக்கு? பூட்டிய கூடத்துக்குள் இருக்கிற பல்லிக்கு.

முன்பு அந்தப் பலகை வெளி வராந்தாவில்தான் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது, மழையில் நனைகிறது என்று சாக்குச் சொல்லி உள்ளே கொண்டுவந்தார்கள். ஆணி அடிக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கோந்தக்காதான்.

"சார், இங்க அடிச்சா கதவு மறைக்குமே?"

கேட்டது கண்காணிப்பாளரிடம். ஆபீஸ் நிர்வாகம் முழுக்க அவர் கையில். வாயைத் திறந்தால் 'சட்டப்படி' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சட்டப்படி என்றே பெயர்.

"சட்டப்படி பலகை இருக்கணும். இருக்கு. கதவைப் பத்திச் சட்டத்துல ஒரு வரி கிடையாதும்மா. நீ ஆடாம பிடி."

பிடித்தாள். அன்றைக்கே பலகையைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. நினைத்து என்ன பிரயோசனம்.

நகராட்சிக்குக் கீழே குடிநீர் வாரியம், சந்தை வாரியம், நூலக வாரியம் என்று நாலைந்து வாரியங்கள். ஒவ்வொன்றிலும் பொதுமக்களிலிருந்து ஆள் போட வேண்டும் என்பது விதி. ஓர் இடம் காலியானால் இருபத்தோரு நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம், போட்டவர் மேல் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். நல்ல விதிதான், எழுதின மகராசன் நன்றாக இருக்கட்டும். ஆனால் பலகை உள்ளே போன பதினோரு வருஷத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு மனுதான் வந்தது. ஆட்சேபம் மருந்துக்குக்கூட வரவில்லை. வந்த அந்த ஒரு மனுவும் நகராட்சித் தலைவருடைய மச்சான் போட்டதாக இருக்கும், இல்லாவிட்டால் மச்சானுடைய கூட்டாளி போட்டதாக இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு கதவு போதும் என்று மறைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கோந்தக்கா ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும்: 'மேற்கண்ட அறிவிப்பு பொதுமக்கள் பார்வைக்கு என்னால் ஒட்டப்பட்டது.' போடுவாள்.

யாராவது கேட்டால், "நான் பேப்பரோட முதுகைத்தான் பாக்கறேன், மூஞ்சிய பாக்கறதில்ல" என்பாள். பசை பின்பக்கம், எழுத்து முன்பக்கம். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் பொய். அவள் ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்துவிட்டுத்தான் குப்புறப் போடுவாள்.

அவள் வீடு மேட்டுத் தெருவில். கீழ்வீட்டில் அவளும் புருஷனும். புருஷன் பஸ் கண்டக்டர், யாரிடமும் சண்டைக்குப் போகாத பிறவி. மாடியில் தங்கை, தனி ஆள், தையல்காரி. தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர். தொழிலை வைத்து மட்டும் வந்த பெயர் இல்லை, வாயும் அப்படித்தான். அக்கா கோந்து, தங்கை ஊசி, ரெண்டையும் ஒரே டப்பாவில் போட்டுப் பெற்றிருக்கிறார்கள் என்று தெருவில் கேலி செய்வார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், மாடிப்படிக்குக் கீழே. அதில் நாலு நாளைக்கு ஒரு தடவை நூல் மாதிரித் தண்ணீர் வரும்.

தெரு மேட்டில் இருப்பதால் தண்ணீர் ஏறாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் சும்மா. எந்த வால்வை எப்போது திறப்பது என்று குடிநீர் வாரியம் முடிவு செய்கிறது. வாரியத்தில் ஏழு பேர். ஆறு பேர் பள்ளத்துத் தெருக்காரர்கள், முதலில் அவர்கள் தொட்டி நிறையும். ஏழாவது இடம் மேட்டுப் பகுதிக்கு. அதில் இருந்த பெரியவர் கூட்டத்துக்குக் கூட்டம் தூங்கியே பதவிக்காலத்தை ஓட்டிவிட்டு, மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இடம் காலி.

இதற்காகத்தான் தங்கை காத்திருந்தாள். துணி வெட்டுவதற்கு முன் அளவு போடுகிற பழுப்புக் காகிதச் சுருளில், எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை நிமிஷம் வந்தது என்று இரண்டு வருஷமாக எழுதி வைத்திருந்தாள். அந்தச் சுருளின் கடைசியில் மேட்டுத் தெருக்காரர்கள் நூற்று நாற்பது பேர் கையெழுத்து. விரித்தால் படியின் மேலிருந்து கீழ்வரைக்கும் வரும்.

"அக்கா, அறிவிப்பு ஒட்டின அன்னைக்கே எனக்குச் சொல்லிடணும். மனு ரெடி. ஒரு நாள் தாமதம் ஆனாலும் அந்த ஆளுங்க ஏதாவது நொட்டை சொல்லுவாங்க."

"சொல்லாம இருப்பேனா? நான்தானேடி ஒட்டப்போறேன்."

அறிவிப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை. வழக்கமாகச் சட்டப்படி அதை வெளித் தட்டில் போட்டுவிடுவார். அன்றைக்குக் கோந்தக்காவை மேஜைக்குக் கூப்பிட்டார். மேஜையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோப்பு, மேலே அவள் பெயர். அவளைப் பணி நிரந்தரம் செய்யச் சொல்லி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மனு. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது, அன்றைக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

"உன் தங்கச்சி ஏதோ மனுவைத் தூக்கிட்டு அலையறாங்களாமே?"

"ஆமா சார். தெருவுக்காக."

"தாராளமா. சட்டப்படி யார் வேணா போடலாம்." கோப்பை ஒரு விரலால் அந்தப் பக்கம் தள்ளினார், மறுபடி இந்தப் பக்கம் இழுத்தார். "ஆனா பாரு, ஒரே வீட்டுல ஒருத்தர் ஆபீஸ்ல, ஒருத்தர் வாரியத்துலன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. உன் ஃபைல் வேற மேலிடத்துக்குப் போற சமயம். நான் ஒண்ணும் சொல்லல. நீ போய் ஒட்டு."

அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். அந்த ஆளைப் பிடித்துக் கேட்டால் இன்றைக்கும் அதையே சொல்வார். கோந்தக்கா கூடத்து மூலையில் நின்று காகிதத்தைப் படித்தாள். 'குடிநீர் வாரியம், மேட்டுப் பகுதி உறுப்பினர், ஓர் இடம்.' இரண்டு தடவை படித்தாள். பிறகு குப்புறப் போட்டாள், பசை இழுத்தாள். காவலாளியைக் கூப்பிட்டுக் கதவின் கொக்கியை எடுக்கச் சொல்லி, பலகையில் ஒட்டி, உள்ளங்கையால் நீவி, கதவைத் திரும்பவும் சாய்த்தாள். அன்றைக்கு ஒட்டின மாதிரி நேராக அவள் எப்போதும் ஒட்டியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தங்கை மாடிப்படியின் மேல் நின்றாள். கழுத்தில் அளவு நாடா.

"வந்ததாக்கா?"

"இன்னும் வரல."

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதைச் சொன்ன பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டாள், முகம் கழுவினாள், புருஷனுக்குத் தட்டு வைத்தாள். தனக்கு வைத்துக்கொண்ட தட்டில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். 

மறுநாளும் கேட்டாள். "வந்ததாக்கா?" "இன்னும் வரல." அதற்கு மறுநாளும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கோந்தக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவை என்றால் மூன்று வருஷம். நிரந்தரம் ஆன கையோடு தங்கையின் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம் என்றும் நினைத்தாள். எட்டாம் நாள் தங்கை ஒரு பை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பசை டப்பா பஸ்ஸில் கொட்டாமலிருக்க, அடியில் ரெக்ஸின் வைத்து, வாய்க்கு இழுப்பு நாடா போட்ட பை.

"டப்பா சரியா உக்காருதா பாரு."

"உக்காருது."

"அப்புறம், வந்ததா?"

"அதான் வந்தா சொல்றேன்னு சொன்னேன்ல. தினம் என்ன நச்சரிப்பு?"

திருட்டுக்குப் பிறந்த கோபம் அப்படித்தான் இருக்கும். தங்கை முகம் சுண்டிப்போய் மேலே ஏறினாள். ஆனாலும் மறுநாள் கேட்டாள். இருபத்தோரு நாளும் கேட்டாள். அக்கா இருபத்தோரு நாளும் அதே பதிலைச் சொன்னாள்.

இருபத்திரண்டாம் நாள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஊரில் லாரி வைத்துத் தண்ணீர் விற்கிறவர் ஒருவர் உண்டு, லாரிக்காரர் என்றால் தெரியும். குழாயில் வராத நாளெல்லாம் அவருக்கு நல்ல நாள். அவருடைய டிரைவர், குழாயை மாட்டிக்கொண்டே தங்கையிடம் சொன்னான்: "இனிமே எங்க முதலாளிதான் உங்க தெருவுக்கு வாரிய மெம்பர். தெரியாதா? நேத்தோட முடிஞ்சுது, வேற யாருமே மனுப் போடலையாம்."

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே காவலுக்குப் பூனையையே வைத்துவிட்டார்கள்.

தங்கை குடத்தை அப்படியே போட்டுவிட்டு, பழுப்புச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாள். சட்டப்படி அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு எழுந்து கூடத்துக்கு வந்து, இடதுபக்கக் கதவின் கொக்கியை எடுத்து ஒரு சாண் இழுத்துக் காட்டினார். உள்ளே பலகையில் அறிவிப்பு இருந்தது, நேராக, சுருக்கமில்லாமல்.

"சட்டப்படி இருபத்தோரு நாள். பாருங்க, தேதி போட்டிருக்கு. ஒட்டினதுக்குச் சான்று வேணுமா? இதோ." சான்றை நீட்டினார். "கையெழுத்து யாருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

கோந்தக்கா அங்கேதான் நின்றாள். கையில் தங்கை தைத்துக் கொடுத்த பை.

தங்கை சான்றைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சட்டப்படி உட்பட எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் குரலை ஏற்றவே இல்லை.

"பசை நல்லா இருக்கு. வாயையும் சேர்த்து ஒட்டிக்கிச்சு போல."

அதுதான் அவள் அக்காவிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. அதன் பிறகு நாலு மாசம் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த நாலு மாசம் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். குழாயடியில் தங்கை நடுவே ஒரு கயிறு கட்டினாள், அந்தப் பக்கம் உன் குடம், இந்தப் பக்கம் என் குடம். அக்கா குடம் கயிற்றைத் தொட்டாலும் காலால் தள்ளிவிடுவாள். சொல்ல வேண்டியது அத்தனையும் அக்கா புருஷனிடம் சொல்வாள், அக்கா பக்கத்திலேயே நின்றாலும்.

"மாமா, கீழ்வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. எனக்கு வந்த தபாலை வாங்கி வெக்க வேணாம். அவங்க வாங்கி வெச்சா எனக்கு வந்து சேராது."

கண்டக்டர் பாவம், இரண்டு பக்கமும் டிக்கெட் கிழித்தார். "இங்க பாரு," என்று பெண்டாட்டியிடம் சொல்வார், "அவ சொன்னது உன் காதுல விழுந்துச்சுல்ல? நான் மறுபடி சொல்லணுமா?"

"வேணாம்."

"நீ பண்ணது தப்புதான். ஆனா இப்ப வாயத் தொறந்து வேலைய விட்டுடாத. நான் அவ்வளவுதான் சொல்லுவேன்."

லாரிக்காரர் வாரியத்தில் உட்கார்ந்த இரண்டாம் வாரமே நாலு நாள் முறை ஏழு நாள் ஆயிற்று. 'மேட்டுப் பகுதியில் குழாய் பராமரிப்பு' என்று காரணம். தெருவுக்கு ஒரு லாரி வந்த இடத்தில் மூன்று வந்தது. கோந்தக்கா தெருவில் நடந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்: "சொந்தத் தங்கச்சிக்கே குழி தோண்டினவ. நம்மள எல்லாம் எந்த மூலைக்கு வெப்பா."   அந்தத் தெருப் பெண்களை அவள் வெறுத்தாள், சட்டப்படியை வெறுத்தாள், தினமும் கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது தன் மூஞ்சியையும் வெறுத்தாள்.

தங்கை சும்மா இருக்கிறவள் இல்லை. நியமனம் செல்லாது என்று மேலிடத்துக்கு எழுதினாள். பதில் வரவில்லை, திரும்ப எழுதினாள். ஆறாவது கடிதத்துக்குப் பிறகு விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் சட்டப்படி கோந்தக்காவைக் கூப்பிட்டார். பச்சைக் கோப்பு திறந்திருந்தது. கடைசித் தாளில் எல்லாக் கையெழுத்தும் ஆகியிருந்தது, அவருடையது மட்டும் பாக்கி.

"நாளைக்கு உன்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பாங்க, ஒட்டினியா இல்லையான்னு. ஒட்டினேன்னு சொல்லு. உண்மைதானே? பொய் சொல்லச் சொல்லல நான். சாயங்காலமே இதுல கையெழுத்து ஆயிடும். என்ன?"

"சரி சார்."

மறுநாள் மேட்டுத் தெருவே ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம் என்று சொல்லி, கண்காணிப்பாளர் எல்லோரையும் படிக்கட்டிலேயே நிறுத்தினார். கூடத்தில் மேஜை போட்டு, வந்திருந்த அதிகாரியை வாசலைப் பார்த்து உட்கார வைத்தார்கள். வயதான அம்மாள், கனத்த கண்ணாடி, பயணக் களைப்பில் சிடுசிடுப்பு. ஒரு பக்கம் லாரிக்காரர் வெள்ளைச் சட்டையில். ஒரு பக்கம் தங்கை, மடியில் பழுப்புச் சுருள். படிக்கட்டில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரி சான்றைக் கையில் எடுத்தார். "இது நீங்க போட்ட கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"ஒட்டினீங்களா?"

"ஒட்டினேன்."

சட்டப்படி நாற்காலியில் சாய்ந்தார். தங்கை தலை நிமிரவில்லை. அக்கா அதைத்தான் சொல்வாள் என்று அவளுக்கு முன்னமே தெரிந்த மாதிரி, சுருளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சுரண்டல் சத்தம் கோந்தக்காவுக்குக் கேட்டது. மற்ற எதுவும் கேட்கவில்லை.

"அப்புறம் என்ன," என்று அதிகாரி பேனாவை எடுத்தார். "எங்க ஒட்டினீங்க?"

"பலகைல."

"பலகை எங்க இருக்கு? வந்ததிலேருந்து பாக்கறேன், கண்ணுல படலையே."

சட்டப்படி எழுந்தார். "மேடம், சட்டப்படி..."

"உங்களைக் கேக்கல. உக்காருங்க."

கோந்தக்கா வாசலுக்கு நடந்து போனாள். இடதுபக்கக் கதவின் கொக்கியை எடுத்து இழுத்துச் சாத்தினாள். வலதுபக்கத்தையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கூடம் இருண்டது. காவலாளி தடவித் தடவி விளக்கைப் போட்டார். வெளியே படிக்கட்டில் நின்றவர்கள் ஏதோ நடக்கிறது என்று கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். "ஏய், ஏன் சாத்தறீங்க, தொறங்க" என்று ஒரே இரைச்சல்.

"இதான் மேடம் பலகை," என்றாள் கோந்தக்கா. அந்த இரைச்சலில் அவள் குரல் பெரிதாகத்தான் வர வேண்டியிருந்தது. "கதவைச் சாத்தினா பலகை தெரியும், ஜனம் வெளிய நிக்கும். கதவைத் தொறந்தா ஜனம் உள்ள வரும், பலகை மறைஞ்சுடும். பதினோரு வருஷமா இப்படித்தான். பொதுமக்கள் பார்வைக்குன்னு எழுதியிருக்கற எல்லாத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் பொய்க் கையெழுத்து."

"யோசிச்சுப் பேசறீங்களா? இதுக்கு உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும். இன்னொண்ணும் இருக்கு, அதையும் எழுதிக்கோங்க. இந்த அறிவிப்பை நான் படிச்சேன். இது என் தங்கச்சி. வந்ததான்னு தினம் கேட்டா. இருபத்தோரு நாளும் வரலன்னு சொன்னேன். யாரும் எழுதித் தரல, யாரும் அடிக்கல. என் வேலை நிரந்தரம் ஆகணும்னு நானேதான் சொன்னேன்."

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. லாரிக்காரர் சட்டப்படியைப் பார்த்தார். சட்டப்படி விட்டத்தைப் பார்த்தார். தங்கை அக்காவைப் பார்த்தாள். மன்னிக்கிற பார்வை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணில் அத்தனை வெறுப்பு. நாள் தப்பாமல் ஒருத்தி முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதை, நாலு பேர் நடுவில் அவள் வாயாலேயே கேட்டால் வேறு எப்படிப் பார்ப்பது?

"கதவைத் திறங்க முதல்ல," என்றார் அதிகாரி. "மூச்சு முட்டுது."

உத்தரவு வர மூன்று வாரம் ஆயிற்று. லாரிக்காரரின் நியமனம் ரத்து. பொதுமக்கள் பார்க்கும்படியான இடத்தில் புதிதாக அறிவிப்பு ஒட்டி மறுபடியும் மனுக்கள் வாங்க வேண்டும், வருகிற பெயர்களை எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும். கண்காணிப்பாளருக்கு ஒரு கண்டனக் கடிதம். அவர் நிரந்தரம் அல்லவா, அதோடு விட்டது. பொய்ச் சான்று கொடுத்த தற்காலிகப் பணியாளருக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. அடித்தவனுக்குக் கண்டனம், கம்பைப் பிடித்துக் கொடுத்தவளுக்குத் தண்டனை. ஆனாலும் கம்பைப் பிடித்துக் கொடுத்தாளே என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை, கேட்டுப் பாருங்கள், அவளே அதைத்தான் சொல்வாள்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தபோது புது அறிவிப்பு தட்டில் வந்து விழுந்தது. சட்டப்படி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பலகையை இன்னும் மாத்தல. வராந்தாவுல அடிக்க ஆள் வரணும். வர்ற வரைக்கும் நிறுத்தி வை."

"எதுக்கு சார் நிறுத்தணும்?"

பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். காகிதத்தைப் படித்தாள், குப்புறப் போட்டாள், பசை இழுத்தாள். காலை ஒன்பதரை மணி, ஜனத்துக்கு இன்னும் ஆபீஸ் திறக்கவில்லை, வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே போய், தெருவைப் பார்த்த அந்த இடதுபக்கக் கதவின் நெஞ்சிலேயே ஒட்டினாள். சாத்தினால் தெருவுக்குத் தெரியும். திறந்து சாய்த்தால் அந்தப் பக்கம் கூடத்தைப் பார்த்துத் திரும்பும், உள்ளே வருகிறவர்களுக்குத் தெரியும். இதற்கு ஆணி வேண்டாம், ஆள் வேண்டாம், உத்தரவு வேண்டாம். பதினோரு வருஷமாக இது தோன்றாமலா இருந்தது? தோன்றியது. கை வரவில்லை.

கைதான் அன்றைக்கும் கொஞ்சம் நடுங்கியது. பின்னால் நகர்ந்து நின்று பார்க்காமல், பையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். குழாயடியில் கயிறு அப்படியே இருந்தது. மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. படிக்குக் கீழே நின்றாள். மேலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே, மேலே பார்த்துச் சொன்னாள்.

"வந்திருச்சு."

மெஷின் நின்றது. உள்ளே புருஷன் கையில் தட்டோடு அப்படியே நின்றார். மாடியிலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தங்கை படியின் மேல் வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடா.

"தெரியும். காலையிலேயே போய்ப் படிச்சுட்டேன். தெருவே படிச்சாச்சு. மனுவும் குடுத்தாச்சு. இனிமே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல."

அக்கா தலையாட்டினாள். 

தங்கை உள்ளே போகத் திரும்பினாள். வாசற்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கோணலா ஒட்டியிருக்க."

அப்புறம் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.